வக்துக்கும் வக்துக்கும் இடையே

ளுஹருக்குப் பாங்கு சொல்லப்படுகிறது. கடையில் அமர்ந்து பேரேட்டைக் கூட்டிக் கொண்டிருப்பவர் எழுந்து பள்ளிவாசலுக்குச் செல்கிறார்; ஒளூ செய்கிறார்; ஜமாஅத்தில் சேர்கிறார். தக்பீர் கட்டிய மறுகணமே, காலையிலிருந்து பிடிபடாமல் போக்குக் காட்டிக் கொண்டிருந்த 17 ரூபாய் வித்தியாசம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது பளிச்சென்று நினைவுக்கு வந்துவிடுகிறது! அத்தோடு தொழுகை போயிற்று. மூன்றாவது ரக்அத்தா, நான்காவதா என்பதே இமாம் ஸலாம் கொடுக்கும்போதுதான் அவருக்குத் தெரிகிறது. சரி, கணக்காவது மிஞ்சியதா? கடைக்குத் திரும்பி ஏட்டைத் திறந்தால் எந்த வரியில் விட்டோம் என்பது தெரியவில்லை. முதலிலிருந்து கூட்ட வேண்டியிருக்கிறது.

இது நம் காலத்தில் தோன்றிய நோயன்று. பாங்கு சொல்லும்போது ஷைத்தான் ஓடிவிடுகிறான் என்றும், முடிந்ததும் திரும்பி வருகிறான் என்றும், இகாமத்தின்போது மறுபடியும் ஓடி, அதுவும் முடிந்தபின் வந்து மனிதனுக்கும் அவனுடைய உள்ளத்துக்கும் இடையே புகுந்து, அதுவரை நினைவில் இல்லாதவற்றையெல்லாம் நினைவூட்டுகிறான் என்றும், அதனால் தொழுபவர் எத்தனை ரக்அத் தொழுதோம் என்பதையே அறியாமல் போகிறார் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி ஷரீஃபில் இருக்கிறது.

நேரத்தைப் பயனுள்ள முறையில் செலவிடுவது பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் வேலையைத் தொடங்குவது பற்றியே சொல்கிறார்கள். ஐந்து வேளை தொழும் ஒருவருக்கு அதைவிட முந்தித் தேவைப்படும் பாடம் ஒன்று உண்டு. வேலையை ஒழுங்காக நிறுத்துவது எப்படி என்பதே அந்தப் பாடம்.

சம்மட்டியும் பேனாவும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தங்கள் இஹ்யாவு உலூமித்தீனில், பொருளீட்டும் ஒழுக்கங்களைக் கூறும் பகுதியில், முன்னோரில் கொல்லர்களும் தோல் தைப்பவர்களும் எப்படி இருந்தார்கள் என்பதை எடுத்துரைக்கிறார்கள். ஓங்கிய சம்மட்டி மேலே இருக்கும்போது பாங்கு காதில் விழுந்தால் அந்த அடியை அவர்கள் இரும்பின்மீது இறக்க மாட்டார்களாம். தோலில் குத்திய ஊசியை மறுபக்கம் இழுக்கவும் மாட்டார்களாம். அப்படியே போட்டுவிட்டுத் தொழுகைக்கு எழுந்துவிடுவார்களாம்.

படிக்கும்போதே மெய்சிலிர்க்கிறது. ஆனால், நம்மில் பலருடைய வேலை இன்று அப்படிப்பட்டதல்ல என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கைவேலையைக் கை விட்டால் விட்டதுதான். தலைவேலை அவ்வாறன்று. பேனாவைக் கீழே வைத்த பிறகும் உள்ளே சம்மட்டி ஓங்கியபடியே நிற்கிறது. கணக்கு எழுதுபவர், தேர்வுக்குப் படிக்கும் மாணவி, கணினியின் முன் இருப்பவர், நாளை என்ன சமைப்பது என்று கணக்கிடும் இல்லத்தரசி ஆகிய எல்லோருக்கும் இதே கதிதான்.

மனத்தின் இந்த இயல்பைப் பற்றி ஸோஃபி லெராய் என்னும் பெண் ஆய்வாளர் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு வேறொன்றுக்குத் தாவுபவரின் கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக் கொண்டிருக்கிறது. அதனால் புதிய காரியம் குறைபடுகிறது என்பது அதன் சாரம். 2018-இல் இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து அவரே ஒரு பரிகாரத்தையும் கண்டார். எழுவதற்கு முன் ஒரு நிமிடம் செலவிட்டு, எந்த இடத்தில் நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதைக் குறித்து வைத்தவர்களுக்கு அந்த ஒட்டுதல் குறைந்திருந்தது. தாளில் இறக்கி வைத்ததை மனம் சுமந்து கொண்டு போவதில்லை போலும்!

ஆகவே, பாங்கு ஒலித்ததும் துள்ளி எழ வேண்டாம். பாங்குக்கும் இகாமத்துக்கும் இடையே நேரம் இருக்கிறது. பாங்குக்குப் பதில் சொல்லி துஆவும் ஓதிய பிறகு, துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: “42-ஆம் பக்கம் வரை கூட்டியாயிற்று; 43-இல் துணிக்கடை ரசீதைச் சரிபார்க்க வேண்டும்.” அவ்வளவுதான். பிறகு ஏட்டை மூடிவிட்டுப் போங்கள். மேலே சொன்ன கடைக்காரர் இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அவருடைய தொழுகைக்கும் நன்மை, கணக்குக்கும் நன்மை.

இது புதுமையான யோசனை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தொழுகைக்கு வருமுன் தனக்குரிய தேவையை முடித்துக் கொண்டு, காலியான உள்ளத்துடன் தொழுகையில் நிற்பது மனிதனின் மார்க்க விளக்கத்தைச் சேர்ந்தது என ஹஜ்ரத் அபுத்தர்தா (ரலி) அவர்கள் கூறியதை இமாம் புகாரி (ரஹ்) தங்கள் நூலில் எடுத்தெழுதியுள்ளார்கள். இரவு உணவு வைக்கப்பட்டு இகாமத்தும் சொல்லப்பட்டால் முதலில் உணவை உண்ணும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதும் இந்த அடிப்படையில்தான். சோற்றின் நினைவோடு தொழுவதைவிடத் தொழுகையின் நினைவோடு சோறு தின்பது மேல் அல்லவா? அபூஜஹ்ம் (ரலி) அன்பளித்த பூவேலைப் போர்வையின் கோலங்கள் தொழுகையில் கவனத்தை இழுத்தன என்பதற்காக, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரிடமிருந்த சாதாரணப் போர்வையைக் கொண்டு வரச் சொன்னார்கள் பெருமானார். நம் சட்டைப் பையிலோ, ஸஃப்பில் நிற்கும்போதே நடுங்கிச் சிணுங்கும் செல்போன் இருக்கிறது!

இமாம் கஸ்ஸாலி பிரித்த பகல்

இஹ்யாவில் ‘வக்துகளின் ஒழுங்கு’ பற்றித் தனியே ஒரு பாகம் இருக்கிறது. அதில் இமாமவர்கள் பகற்பொழுதை 7 விர்துகளாகக் கூறுபோடுகிறார்கள். விடியலிலிருந்து சூரியன் உதிக்கும் வரை ஒன்று. உதயத்திலிருந்து உச்சி சாயும் வரை இரண்டு. உச்சியிலிருந்து அஸர் வரை இரண்டு. அஸரிலிருந்து மஃரிபு வரை இரண்டு. இவ்வாறு கூறுபோடுவது ஏன்? மனித மனம் சலிப்பில் படைக்கப்பட்டது. ஒரே வகையான காரியத்தில் நெடுநேரம் பொறுத்திராது. ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி அதனை அழைத்துச் செல்ல வேண்டும் என்று காரணமும் சொல்கிறார்கள். ஹிஜ்ரி 505-இல், அதாவது 1111-இல் மறைந்த ஒரு பெரியார், மனத்தின் களைப்பை இவ்வளவு துல்லியமாகக் கண்டிருக்கிறார்.

இதில் நம் போன்ற குடும்பஸ்தர்களுக்கு மிகவும் ஆறுதல் தரும் பகுதி ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஒரே அட்டவணையை இமாமவர்கள் விதிக்கவில்லை. வணக்கசாலிக்கு ஒரு விதம், ஆலிமுக்கு ஒரு விதம், மாணவருக்கு ஒரு விதம், கைத்தொழில் செய்து குடும்பத்தைக் காப்பவருக்கு வேறு விதம். அந்தத் தொழிலாளி, வீட்டாரைப் பட்டினி போட்டுவிட்டு நேரமெல்லாம் வணக்கத்தில் மூழ்குவது கூடாது. தொழில் நேரத்தில் அவருடைய விர்து கடைத்தெருவுக்குப் போவதும் உழைப்பில் ஈடுபடுவதும்தான். ஆனால், அதனிடையே அல்லாஹ்வை மறந்துவிடக் கூடாது என்கிறார்கள். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் நேரமும் உங்கள் விர்துதான், தாய்மார்களே!

நம் ஊர்ப் பகலை இந்தக் கண்ணோடு அளந்து பாருங்கள். ஸுபுஹிலிருந்து உதயம் வரை சுமார் ஒன்றேகால் மணி நேரம். இதைப் போல் இடையூறில்லாத நேரம் பகலில் வேறு கிடையாது. தம் சமுதாயத்தின் அதிகாலையில் பரக்கத் செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்ததை அறிவித்த ஸக்ர் அல்ஙாமிதீ (ரலி) ஒரு வியாபாரி. சரக்குகளை அதிகாலையிலேயே அனுப்பி வந்தார், செல்வந்தரானார் என்று திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் காண்கிறோம். மனப்பாடம் செய்வதையும் கடினமான படிப்பையும் இந்த நேரத்தில் வைத்துக் கொள்வதே நல்லது. உதயத்திலிருந்து உச்சி வரை ஆறு மணிக்குக் கூடக்குறைய. ளுஹரிலிருந்து அஸர் வரை, ஷாஃபிஈ மத்ஹபினருக்கு மூன்றேகால், மூன்றரை மணி. நிழல் இருமடங்காவதைக் கணக்கிடும் ஹனஃபிகளுக்கு நாலு, நாலரை மணி. அஸருக்குப் பிறகு மஃரிபு வரை எஞ்சுவது ஒருவருக்கு இரண்டரை மணி என்றால் மற்றவருக்கு ஒன்றரை மணிக்குச் சற்று மேல். ஒரே தெருவில் இரு மத்ஹபினரும் இருக்கும் ஊர்களில் பிள்ளைகளின் மாலைப் படிப்பு வீட்டுக்கு வீடு வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமையலறைக் கடிகாரம்

மூன்று மணி நேரம் தொடர்ந்து கவனம் நிற்குமா? நிற்காது. இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையை உற்றுப் பார்த்துக் கொண்டிருந்த காவலர்கள் நேரம் செல்லச் செல்ல அடையாளங்களைத் தவறவிட்டதால், நார்மன் மேக்வொர்த் என்னும் ஆங்கில விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். எண்களில்லாத ஒரு கடிகாரத்தின் முள் ஒவ்வொரு நொடியும் ஒவ்வோர் அடியாக நகரும். எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரக் காவல். முதல் அரைமணி கடந்ததுமே கண்டுபிடிக்கும் திறன் குறையத் தொடங்கியது. இது 1948-இல் வெளியான ஆய்வு.

1980-களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் பதியாமல் தவித்தார். சமையலறையில் வைக்கும் தக்காளி வடிவ மணிப்பொறி ஒன்றை முறுக்கி வைத்து, இது அடிக்கும் வரையிலாவது உண்மையாகப் படிப்போம் என்று தமக்குத்தாமே பந்தயம் கட்டினார். அதிலிருந்து ஒரு முறையை வகுத்தார். 25 நிமிடம் ஒரே வேலை. 5 நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு சுற்று முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. தக்காளிக்கு இத்தாலிய மொழியில் பொமொதோரோ என்று பெயர். அந்தப் பெயராலேயே இந்த முறை உலகமெங்கும் பரவியிருக்கிறது.

நான்குக்குப் பின் ஓய்வு என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? ரமளான் இரவில் நாம் தொழுகிறோமே, அந்தத் தொழுகையின் பெயர் என்ன? தராவீஹ். ‘தர்வீஹா’ என்றால் இளைப்பாறுதல். அதன் பன்மை தராவீஹ். நான்கு ரக்அத் முடிந்ததும் சற்று அமர்ந்து இளைப்பாறுவதால் வந்த பெயர். தொழுகைக்கே அதன் இடைவேளைகளால் பெயர் அமைந்திருக்கிறது! முற்காலத்தில் மக்காவாசிகள் அந்த இடைவேளையில் கஃபாவைத் தவாஃபு செய்தார்கள். நம் பள்ளிகளில் தஸ்பீஹ் ஓதுகிறோம்.

ஆகவே, வக்துக்கும் வக்துக்கும் இடைப்பட்ட நெடும் பொழுதை 25 நிமிடத் துண்டுகளாக்கிப் பார்க்கலாம். அதற்குச் செல்போனிலுள்ள அலாரத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மணியை நிறுத்தப் போன விரல் வேறெங்கோ போய்விடும். 5 நிமிட ஓய்வு 50 நிமிடமாகும். சாவி கொடுக்கும் சாதாரண மணிப்பொறி போதும். அந்த 5 நிமிடத்தில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், தூரத்தில் பார்வையை ஓட்டுங்கள், நாவில் திக்ரு இருக்கட்டும். செய்தி பார்ப்பதும் வாக்குவாதம் படிப்பதும் ஓய்வல்ல. அவையும் வேலைதான், அதுவும் கூலியில்லாத வேலை. சிறு பிள்ளைகளுக்கு 25 நிமிடம் மிக அதிகம். பத்துப் பதினைந்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.

குர்ஆன் ஓதுபவர்களுக்கு இந்தக் கூறுபோடும் வேலையையே பெரியோர்கள் மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டார்கள். மாதத்தில் முடிக்க 30 ஜுஸ்உ, வாரத்தில் முடிக்க 7 மன்ஸில், ஓரத்தில் ‘ஐன்’ எழுத்திட்ட ருகூஃ அடையாளங்கள். ஒரு நாள் முழு ஜுஸ்உ ஓதிவிட்டுப் பத்து நாள் திறக்காமலிருப்பதைவிட நாள்தோறும் ஒரு ருகூஃ ஓதுவது மேல். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது என்பது எல்லோரும் அறிந்த ஹதீஸ்.

இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தொழுகையையே மூளைக்கு நல்லதோர் இடைவேளை என்று சிலர் புகழ்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆயினும் அது தலைகீழான பேச்சு. பர்ளு என்பது நம் வேலைக்குச் சேவகம் செய்ய வந்ததல்ல. உடலும் மனமும் தெளிவடைவது அல்லாஹ் கூடுதலாகத் தரும் அருள். இளைப்பாற வேண்டுமானால் அதற்குத் தனியே 5 நிமிடம் எடுத்துக் கொள்ளுங்கள்.

பிறரிடம் சம்பளம் வாங்குபவர்களுக்கு இதன் மறுபக்கமும் உண்டு. ளுஹருக்குப் போகிறேன் என்று எழுந்தவர், கால்மணியில் தொழுதுவிட்டு, மீதி முக்கால் மணியைத் தேநீர்க்கடையில் கழித்துத் திரும்பினால், அந்த முக்கால் மணி முதலாளியின் அமானத். அதைத் தொழுகையின் கணக்கில் எழுதுவது பெரும் பாவம் மட்டுமல்ல; தொழுகையின்மீதே மற்றவர்களுக்கு வெறுப்பு வரச் செய்யும் காரியம். ஜும்ஆவைப் பற்றிய ஆயத்தில், வியாபாரத்தை விட்டு வரச் சொன்ன அல்லாஹ், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடவும் சொல்கிறான். நிறுத்துவதற்கும் கட்டளை, திரும்பத் தொடங்குவதற்கும் அடுத்த வசனத்திலேயே ஏவல்.

தாய் அழைத்தால்?

சிரில்லோவின் முறையில் ஒரு கடுமையான விதி உண்டு. இடையில் எழுந்துவிட்டால் அந்த 25 நிமிடம் செல்லாது. புதிதாகத் தொடங்க வேண்டும். தனியறையில் படிக்கும் மாணவருக்கு அது சரி. கூட்டுக் குடும்பத்தில்? வாப்பா கூப்பிடுவார், விருந்தாளி வருவார், குழந்தை விழுந்து அழும். மணி இன்னும் அடிக்கவில்லை என்று உட்கார்ந்திருக்கலாமா?

ஜுரைஜ் என்ற வணக்கசாலியின் சரித்திரம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அவர் மடத்தில் தொழுது கொண்டிருந்தபோது தாய் வந்து அழைத்தார். தாயா, தொழுகையா என்று தயங்கித் தொழுகையையே தொடர்ந்தார். தாய் மனம் நொந்து செய்த பிரார்த்தனையால் பெரும் பழிக்கு ஆளானார். இறுதியில் கைக்குழந்தை பேசி அவரைக் காப்பாற்றியது. அது நபிலான தொழுகை. ஆகவே தாய்க்குப் பதிலளிப்பதே சரியாக இருந்திருக்கும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கம் எழுதுகிறார்கள். நபில் தொழுகைக்கே இந்த நிலை என்றால், நம் மணிப்பொறிக்கு என்ன மரியாதை? எழுந்து போங்கள். சீட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

ஆனால், இதைக் கேட்டுவிட்டு வீட்டிலுள்ள ஆண்கள் தப்பித்துக் கொள்ளக் கூடாது. நம் வீடுகளில் பெண்களின் நேரம்தான் எல்லோராலும் துண்டாடப்படுகிறது. பால் பொங்கும், மாமியார் அழைப்பார், பிள்ளைக்குச் சீருடை வேண்டும், கணவருக்குச் சாவி காணோம். அவர்கள் ஸுபுஹுக்குப் பிறகு யாஸீன் ஓதக்கூட இடைவிடாத 25 நிமிடம் கிடைப்பதில்லை. திரிகை அரைத்துக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) அவர்கள் ஒரு பணியாள் வேண்டித் தந்தையிடம் சென்றபோது, உறங்கப் போகையில் ஓத வேண்டிய தஸ்பீஹைக் கற்றுக் கொடுத்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். இதை மனைவியிடம் எடுத்துச் சொல்லும் கணவர்கள், அதே நபியவர்கள் வீட்டில் எப்படி இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள். தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்பட்டு விடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாள்தோறும் ஒரு 25 நிமிடம் அடுப்பையும் பிள்ளையையும் நீங்கள் பார்த்துக் கொண்டு, அந்த நேரத்தை உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுங்கள். அவர் அதில் ஓதட்டும், படிக்கட்டும், சும்மா இருக்கட்டும்.

கயிற்றை அவிழ்த்தார்கள்

மஸ்ஜிதுந் நபவீயில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாள் கண்டார்கள். என்ன இது என்று கேட்க, ஜைனப் (ரலி) அவர்களுடையது, தொழுகையில் களைத்துவிட்டால் இதைப் பிடித்துக் கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. அதை அவிழ்த்துவிடும்படி கட்டளையிட்டார்கள். உற்சாகமுள்ள வரை தொழட்டும், களைத்தால் அமரட்டும் என்றார்கள்.

தேர்வுக் காலத்தில் நம் பிள்ளைகள் நள்ளிரவில் தேநீர் என்னும் கயிற்றைப் பிடித்துக் கொண்டுதான் நிற்கிறார்கள். பெற்றோரும் அதைப் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம். இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் நபியவர்கள் விரும்பவில்லை. பகலில் கைலூலா என்னும் சிறுதுயில் ஸஹாபாக்களின் வழக்கம். ஜும்ஆ நாளில் தொழுகைக்குப் பிறகே உண்டு உறங்குவோம் என்று ஸஹ்ல் (ரலி) சொல்லியிருக்கிறார்கள். இஷா முடிந்து ஒரு சுற்றுப் படித்துவிட்டு, மறுநாள் எங்கே தொடங்குவது என்று சீட்டில் எழுதி, புத்தகத்துக்குள் செருகி வைத்துவிட்டுப் பிள்ளை உறங்கப் போகட்டும். ஸுபுஹு தொழுதபின் அந்தச் சீட்டை எடுத்துக் கொண்டு உட்கார்ந்தால், உதயத்துக்குள் இரண்டு சுற்று முடிந்திருக்கும்.